புத்தகத்தில் இல்லாத விதி

அன்புள்ள தேன்மொழி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் தேன்மொழி திருச்சிக்கு, காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள். சின்னவளும் நானும் இங்கே அறந்தாங்கியில்தான்.

வெளிநாட்டிலிருந்து ஊரோடு வந்தபோது நீங்கள் கொண்டுவந்தீர்களே, அந்தத் தடித்த ஆட்டப் புத்தகத்தால் வீட்டில் ஒரு பேச்சு. ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, கதையை வளர்த்துக்கொண்டே போகிற ஆட்டம். ஞாயிறு மதியம் நீங்கள் இங்கிலீஷ் விதிகளைப் பார்த்துத் தமிழில் வாசிப்பீர்கள், நாங்கள் மூவரும் ஆடுவோம். சரஸ்வதி பூஜைக்குப் பாடப் புத்தகங்களோடு அதையும் அடுக்குவேன். அட்டையில் இருக்கும் பூதத்தின் நெற்றியில் நான் வைத்த சந்தனம் இன்னும் கறையாக நிற்கிறது.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம் தேன்மொழி. "புக்கு இங்கயே இருக்கட்டும்மா. நான் போன்லயே படிக்கிற மாதிரி வாங்கிக்கிறேன். எந்த ரூலையும் தேடி எடுத்துறலாம்." எனக்கு மனம் ஒப்பவில்லை. காகிதத்தில் உங்கள் கை பட்டிருக்கிறது. போனைப் பார்த்து ஆடினால் அது நம் வீட்டு ஆட்டமாக இருக்குமா?

"புதுசா இன்னொரு புத்தகமே வாங்குவோம்டி."

"ஹாஸ்டலுக்குச் செங்கல்லத் தூக்கிட்டுப் போகச் சொல்றியாம்மா?" என்றாள் சின்னவள். கடைசியில் போனில்தான் வாங்கினோம்.

போன ஞாயிறு, நீங்கள் இல்லாமல் முதல் தடவையாக ஆட உட்கார்ந்தோம். பாதியிலேயே கதையில் சின்னவளின் ஆள் செத்துப்போனது. தேன்மொழி போனைப் பார்த்தாள்.

"நீ எந்திரிச்சுப் போயிரணுமாம்டி. அடுத்த ஆட்டத்துலதான் வரணுமாம்."

"போடி. செத்தாலும் எந்திரிக்க வேணாம், கூட உக்காந்து யோசனை சொல்லலாம்னு அப்பா வாசிச்சாங்க."

போனில்தான் தப்பு என்று நானும் சொன்னேன். உங்கள் புத்தகத்தைப் பிரித்து, நானாகக் கற்றுக்கொண்ட அரைகுறை இங்கிலீஷில் விரல் வைத்து வாசித்தேன். போனில் உள்ளதேதான். ஓர் எழுத்து மாறவில்லை. ஓரத்திலும் நீங்கள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நீங்கள் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது சின்னவளுக்கு ஆறு வயது. முதல் ஆட்டத்திலேயே அவள் ஆள் செத்து, அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினாள். நீங்கள் குனிந்து, பக்கத்தைப் புரட்டி, அதில் இல்லாததை வாசித்திருக்கிறீர்கள். ஏங்க, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் எத்தனை விதி அப்படி?

"அப்ப அப்பா ரூலு எதுலயுமே இல்லியாம்மா?" என்றாள் சின்னவள்.

அச்சுப் புத்தகமா போனா என்று நான் மல்லுக்கு நின்றதெல்லாம் எதற்கு? எங்கள் மூவர் ஞாபகத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. ஞாபகத்தை நம்பி நான் பால் கணக்கைக்கூட எழுதாமல் விட்டதில்லை.

சாமி முன்னால் வைக்கிற புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டியவள் நான். அன்றைக்குப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: 'செத்தவர் எழுந்து போக வேண்டாம். கூடவே உட்காரலாம்.'

தேன்மொழி அதைப் படித்துவிட்டு, "போன்ல வாங்கினத உன் போன்ல ஏத்தித் தர்றேன், நீங்க ரெண்டு பேரும் வச்சுக்கங்க. செங்கல்ல நான் தூக்கிட்டுப் போறேன்," என்றாள்.

அவள் கிளம்பப் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகச் சரிபார்ப்பேன். நீங்கள் வாசித்ததில் அச்சில் இல்லாதது எதுவானாலும், ஒன்றுகூட விடாமல் என் கையால் எழுதி அவளிடம் கொடுத்தனுப்புவேன்.

உங்கள் இரண்டு பெண்களுக்கும் அம்மா