அப்பா கூத்துக்குக் கட்டிய சிவப்புப் பட்டை

2024 ஜூன் 11, செவ்வாய்

அப்பா இன்று தையல் மெசினை வாசலில் போட்டு உடைத்தார். எல்லாம் அந்த முழங்கால் பட்டையால்தான். கொழுந்து பறிக்கிறவர்கள் மலை ஏறும்போது நழுவாதபடி, இலாஸ்டிக்கைப் பின்பக்கம் குறுக்காக வைத்து அம்மாவே யோசித்துத் தைத்தது. அட்டன் கடை முதலாளி ஆண்டியப்பன் போன வருசம் ஆடியில் அதைத் தன் பெயரில் பேட்டன்ட் பதிந்துவிட்டார். இப்போது அதைத் தைத்து விற்பதாக அம்மா மேல் வழக்கு. அப்பா அவருடைய வேன் டிரைவர்.

ஜூன் 14

"ஆடிக்கு முன்னமே இதைக் கட்டினாங்கன்னு காட்டுங்க, போதும்" என்று அம்மாவின் லோயர் சொன்னாராம். எதைக் காட்டுவது? லயத்து வீடுகளில் இருந்த பழைய பட்டைகளை முதலாளியின் ஆட்கள் வாங்கிப் போய்விட்டார்கள். கொடுக்காத பக்கத்து வீட்டு நல்லமுத்து மாமாவை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். அவர் பல் எங்கள் படியில் கிடந்தது. தாண்டி ஸ்கூலுக்குப் போனேன்.

ஜூன் 17

"முதலாளி கண்டுபிடிச்சதுன்னு கையெழுத்துப் போடுடி."

"நீங்க கட்டிக்கிட்டு ஆடுனீங்களே, அது யாரு கண்டுபிடிச்சது?"

அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. போர்வைக்குள் எழுதுகிறேன்.

ஆடினது— காமன் கூத்து. போன வருசம் பங்குனி.

ஜூன் 18

என் கூட்டாளி நிலக்ஷியின் போனில் அந்தக் கூத்து வீடியோ தேதியோடு இருக்கிறது. அப்பா மதன் வேசம். முழங்காலில் சிவப்புத் துணிப் பட்டை, பின்னால் இலாஸ்டிக் குறுக்காக. கூத்து உடுப்பு என்பதால் யாருமே அதைச் சாட்சியாக நினைக்கவில்லை. அப்பா எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார்.

லோயருக்கு அனுப்பினால் அப்பாவை முதலாளி ஆட்கள் சும்மா விடுவாங்களா? அனுப்பாவிட்டால் அம்மா?

ஜூன் 19

அனுப்பிட்டேன்.

ஜூலை 2

வீடியோவை முதலாளி பக்கத்துக்கும் கொடுக்கணுமாம், அதுதான் கோர்ட் முறையாம். எனக்கு யாரும் சொல்லலையே. அப்பாவை ஸ்டோருக்குள் பூட்டி அடித்தார்களாம். வேன் சாவியையும் பறித்தார்களாம். யார் அனுப்பினது என்றும் அவரிடம் சொல்லிவிட்டார்களாம்.

அப்பா இன்னும் வீட்டுக்கு வரல. வந்தா?

ஆகஸ்ட் 9

இடது கையால் எழுதிப் பழகிவிட்டது. வலது மணிக்கட்டுப் பிளாஸ்டரை நேற்றுத்தான் டிக்கோயா ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். முதலாளி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். அன்றிரவு வீட்டுக்கு வந்த அப்பா இப்போது ரிமாண்டில்.

அம்மா இரவல் மெசினில் சின்னதாக ஒரு பட்டை தைத்து என் மணிக்கட்டில் கட்டினார். இலாஸ்டிக் குறுக்காக.

"இறுக்குதா?"

"இல்லம்மா."

துணி சிவப்பு. அப்பாவின் கூத்து உடுப்பில் வெட்டியது.