மேலே ஒரு ரூபாய்

திருவரங்குளம்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். மாமா வீட்டு மொய் விருந்து எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய். பக்கத்தில் செல்லமுத்து மாமாவே நின்றதால் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டேன். நன்றாக நடக்கவில்லை அம்மா. இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், அவருக்கு நம் பக்கத்து வழக்கத்தை நீதான் விளக்க வேண்டும். ஊருக்குக் கறிவிருந்து போட்டு மொய் வாங்குகிறோமே, அது இனாம் இல்லை. உன் விருந்தில் நான் வைத்ததை என் விருந்தில் நீ திருப்பி வைப்பாய், அதற்கு மேல் புதிதாகவும் கொஞ்சம் வைப்பாய், அந்தப் புதியதை உன் முறை வரும்போது நான் திருப்ப வேண்டும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, இவன் இங்கேதான் இருப்பான் என்ற நம்பிக்கை மட்டும்தான். அப்படி மேலே வரும் பணத்தை நம்பித்தான் மாமா மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட முன்பணம் கொடுத்திருந்தான்.

வழக்கம்போல மொய் எழுத நான்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் வந்தார்கள். வாங்கியதைச் சரியாக வைத்தார்கள், மேலே ஒரு ரூபாய் இல்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். வரிசையாக எல்லோரும் அப்படியே வைக்கவும்தான் புரிந்தது. இனி உன்னோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்பதை நம் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். எதிர்வீட்டு மூக்காயியிடம் மெதுவாகக் கேட்டேன். ஒங்க மச்சினன் கங்காரு முதுகுல ஏறிப் போயிட்டா நான் எங்கிட்டுப் போயி மொய் கேக்குறது சார் என்றாள். பேரனைப் பார்க்க வரச்சொல்லி நீ கூப்பிட்டாய், மாமா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான், விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெருவில் வீடு கேட்டிருக்கிறார். அதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போகிறான் என்று ஆகிவிட்டது. மைக்கை வாங்கி, இரண்டே மாதத்தில் திரும்பிவிடுவான் என்று நானே சொன்னேன். ஒங்க மகளும் ரெண்டு வருசத்துல வந்துரும்னுதான சார் சொன்னீங்க என்று டீக்கடை ரெங்கராஜ் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. முப்பது வருஷம் என் சொல்லை நம்பிய ஊர். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொய் நோட்டின் முன் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பில் பத்து ரூபாய்த் தாளைக் காட்டி, இது வெறும் காகிதம், அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்று நாம் நம்புவதால்தான் பணம் என்று வருஷம் தவறாமல் பாடம் நடத்தியவன் நான். அந்த நம்பிக்கை ஒரு பந்தலுக்குள் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியாது. போர் போடப் பணமில்லாமல் மல்லிகைச் செடி வாடுகிறது. பாஸ்போர்ட்டை அடுப்புல போட்டுறவா அத்தான் என்று மாமா கேட்கிறான்.

இதைப் படித்ததும் பணம் அனுப்பத் தோன்றும். அனுப்பாதே. அங்கிருந்து பணம் வந்தது தெரிந்தால் கிளம்புவது உறுதி என்பார்கள். நீ பேரனோடு ஆவணியில் வா. உனக்கு உடன்பிறந்தவன் இல்லை, மாமா மடியில் உட்காரவைத்துத்தான் பேரனுக்குக் காது குத்த வேண்டும், இந்தத் தெருவில், மூக்காயியும் ரெங்கராஜும் பார்க்க. மாமா இங்கேதான் இருப்பான் என்ற நம்பிக்கை அப்போது திரும்பலாம், விருந்துக்குப் பிறகு வீட்டுக்கே வந்து மொய் வைப்பவர்களும் உண்டு.

மூவரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள். பேரன் காதுக்குள் எண்ணெய் விடாதே. டிக்கெட் எடுத்ததும் எனக்குச் சொல்லாதே, முதலில் மாமாவிடம் சொல்.

உன் அப்பா,
ராமசுப்பிரமணியன்