குழாய் மாற்றிய வருஷம்

இன்று காலை குழாயைத் திறந்ததும் தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடித்தது. பிடித்த குடத்தை அப்படியே கவிழ்த்தேன். சிநேகிதி, நீ இப்போது இந்தத் தெருவில் இல்லாவிட்டாலும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

எண்பதுகளின் பிற்பாதி. நீ நம் வார்டு உறுப்பினராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மழைக்காலத்தில் தெருவில் அடுத்தடுத்து மஞ்சள்காமாலை. என் கணவரும் படுத்துவிட்டார். அவர் கட்டிலருகே நின்று, தம்ளரிலிருந்த தண்ணீரை முகர்ந்து பார்த்தாய். மறுநாளே நகராட்சியில் போய் நின்றாய்.

நம் தெருவின் இரும்புக் குழாய் நாம் பிறப்பதற்கு முன்பே புதைத்தது. அதை ஒட்டியே சாக்கடை. ஓட்டை விழும்போதெல்லாம் ரப்பர் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போவார்கள். அப்போதும் அதற்குத்தான் வந்தார்கள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாய்.

"கட்டு மேல கட்டு போட்டு வச்சிருக்கீங்க. இதுல குழாய் எங்கங்க இருக்குது? முழுசா மாத்துங்க."

அலைந்து அலைந்து அனுமதி வாங்கினாய். தெருவையே தோண்டிப் போட்டார்கள். வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. பீங்கான் கம்பெனிப் பக்கத்துக் கைப்பம்பிலிருந்து எல்லோரும் சுமந்தோம். "வந்துகிட்டிருந்த தண்ணியையும் நிறுத்திட்டா மகராசி" என்று உன் வாசலிலேயே ஏசினார்கள். பள்ளத்தில் சைக்கிளோடு விழுந்து ஒருவர் கையை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும் போனோம். அவர் மனைவி உன்னை உள்ளே விடவில்லை.

திரும்பும் வழியில், "தப்பு பண்ணிட்டனாடி?" என்றாய்.

"எங்க வூட்டுக்காரரு எழுந்து நடக்குறாரு. இன்னொரு தடவ அந்தத் தண்ணிய அவருக்கு எப்புடி குடுப்பேன்?" என்றேன்.

புதுக் குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் தெருவில் ஒருவரும் படுக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தேர்தல் வர வருஷக்கணக்கானது, வந்தபோது தோற்றாய். பள்ளமும் சகதியும் மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாய்: "வராத நோவ யாருடி ஞாபகம் வச்சிப்பாங்க?" சிரிக்கத்தான் தொடங்கினாய், பாதியிலேயே கண் கலங்கிவிட்டது.

நீ போட வைத்த குழாய்க்கும் இப்போது வயதாகிவிட்டது. ஒருமுறை மாற்றினால் தீர்ந்தது என்று நான்தான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்புகிறேன். "தெருவத் தோண்டுனா நம்மளத்தான் திட்டுவாங்கக்கா" என்கிறாள் ஒருத்தி. திட்டட்டும்.

அந்த வருஷத்துக்குப் பிறகு என் கணவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார், தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனார், முதுமையில்தான் கண்ணை மூடினார். வராத நோயை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.