பதினேழு தந்த வண்டி

ஜூலை 6, ஞாயிறு

"டீச்சர், சும்மா நிக்கிற வண்டியும் பெட்ரோல் குடிக்குமா?" ஒன்பதாம் வகுப்பில் மதிவாணன் ஒருமுறை கேட்டான். குடிக்கும், வாளியை எடுத்த பிறகும் திறந்து கிடக்கிற குழாய் மாதிரி என்று சொன்னேன். இன்று இந்திரா காந்தி சிலை சிக்னலில் அவன் ஞாபகம் வந்து இன்ஜினை அணைத்தேன். பக்கத்தில் இருந்த இவர், "என்ன, நின்னு போச்சா?" என்று பதறினார்.

லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடிய கார் இப்போது பதிமூன்றுதான் ஓடுகிறது. இவர் அதைத் தீபலட்சுமியிடம் போனில் சொல்லிவிட்டார். மகள் சென்னையில் இருந்தே தீர்ப்பு எழுதிவிட்டாள். "வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சும்மா. தீபாவளிக்கு வரும்போது வித்துடுவோம். ஆட்டோல போங்க."

ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றவள் நான். எங்கே போவதென்றாலும் யாரையும் கேட்க வேண்டாம் என்பதை அந்தச் சாவிதான் எனக்குக் கொடுத்தது. பழையபடி பதினேழு வந்தால் விற்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறேன். "பாக்கலாம்" என்றாள்.

பார்க்கட்டும்.

ஜூலை 9, புதன்

டிக்கியைக் காலி செய்தேன். அரை மூட்டை சிமெண்ட், மில் யூனியன் நாற்காலி இரண்டு, உடைந்த டேபிள் ஃபேன். எல்லாம் இவருடையவை. "அது தேவைப்படும்" என்றார். எப்போது என்றேன். "தேவைப்படும்போது."

புத்தகப் பையோடு மைதானத்தைச் சுற்றும் பிள்ளைக்கும் கைவீசி ஓடும் பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லையா? டயருக்குக் காற்று அடித்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கை மண். முன்னால் சிக்னல் சிவப்பு என்று தெரிந்தால் தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். நிற்கப் போகிற இடத்துக்கு அவசரமாகப் போவானேன்?

ஜூலை 27, ஞாயிறு

லிட்டருக்குப் பதினொன்றரை.

நான் தப்பாகக் கணக்குப் போட்டேனோ என்று மூன்று முறை வகுத்தேன். போன முறை போலவே அதே பங்க், டேங்க் வாய்வரை. இவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டியும் குறைந்திருக்கிறது. "வண்டி குடிக்கல டீச்சரம்மா, நீதான் ஊட்டுற" என்றார் இவர். பங்கில் வரிசையில் நின்ற விழுப்புரம் வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் வேலை பார்த்தவர், ரகசியத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

நூறடி ரோடு பாலம் ஏறும்போது ஒரு கருகல் வாடை. எங்கிருந்து?

வீட்டில் இறங்கும்போது பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. பங்கில் இறங்கியபோது கழன்றிருக்க வேண்டும். அதுகூடத் தெரியாமலா வந்தேன்? கவலையில் மனசு எங்கேயோ இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

தட்டாஞ்சாவடியில் கண்ணையன் ஒர்க்‌ஷாப். கிளட்சைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"டீச்சர், பிளேட்டு தேஞ்சே போச்சு. கிளட்ச் மேல காலை வச்சுக்கினே ஓட்டுறீங்க."

"நானா? பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட இல்ல."

"பின்ன நானா வந்து ஓட்டுனேன்?"

இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

கண்ணையன் சொன்ன விஷயம் சரிதான். கிளட்ச் லேசாக அமுங்கியிருந்தால் இன்ஜினின் சுற்று முழுதாகச் சக்கரத்துக்குப் போகாது. ஈரக்கையால் பாட்டில் மூடியைத் திருகுவது மாதிரி. கை சுற்றும், மூடி சுற்றாது. வீணாகிற அந்தச் சுற்றுக்கும் பெட்ரோல் போகும். ஆனால் நான் கியர் மாற்றியதும் காலை எடுத்துக் கீழேதான் வைப்பேன். என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

புது பிளேட் போட்டாயிற்று. இனி பதினேழு வந்தே தீரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர். கூட்டத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, செருப்பை அதிலேயே விட்டுவிட்டு நடந்தோம். தார் ரோடு கொதித்தது. இவருடைய தங்கை பாக்கியலட்சுமி நிழலுக்கு நிழல் குதித்துக்கொண்டு வந்தாள். நான் நடந்தேன்.

"அண்ணி, உங்களுக்குச் சுடவே இல்லியா?"

"இல்லியே."

"அம்மா உங்களைத் தாங்கிக்கினு போறா அண்ணி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெருமையாகத்தான் இருந்தது. அம்மனிடம் மைலேஜ் கேட்கக் கூச்சம். கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

இடது பாதத்தில் பெரிய கொப்புளம், உடைந்திருக்கிறது. வலி இல்லை. நல்லதுதானே?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்தேன். புது கிளட்ச் போட்டும் பதிமூன்று. அந்த எரிச்சலோடு குருசுக்குப்பம் பக்கம் திரும்பினேன். மீன் அன்னக்கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வந்தார். பிரேக்கைத்தான் மிதித்தேன். வண்டி உறுமியது. பிரேக்கோடு ஆக்சிலேட்டர் ஓரமும் அமுங்கியிருக்கிறது. அந்தம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"யம்மா, கண்ணு தெரில?"

கண் தெரிந்தது. கண் நன்றாகத் தெரிந்தது.

மெதுவாகக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் இவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார். அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை, அவ்வளவு சன்னம்.

"இடது கால் எங்க இருக்கு?"

"கீழதான்."

"கீழயா?"

"கீழதாங்க. தரைல வச்சிருக்கேன்."

"ஓரமா நிறுத்து. காலை அசைக்காத. குனிஞ்சு பாரு."

பார்த்தேன். கிளட்ச் மேல இருந்துச்சு. நான் வைக்கல. சத்தியமா நான் வைக்கல. யாரோட காலோ அங்க இருக்கிற மாதிரி இருந்துச்சு.

செருப்பு. கொப்புளம். சுடாத தார் ரோடு. ஐயோ.

ஆகஸ்ட் 25, திங்கள்

வண்டியை எடுக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஆட்டோவில் போனோம். டாக்டர் கவிநிலா, சின்ன வயசு. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் கால் விரல்களைத் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்க என்றார். காத்திருந்தேன். ரொம்ப நேரமாக ஒன்றும் இல்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?"

"முடிச்சிட்டேன்மா. ரெண்டு காலும்."

ஒன்பது வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்வு நரம்புகளைக் கெடுத்துவிட்டதாம். மாத்திரை போடுகிறேன், அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். காலிங் பெல்லுக்கு உள்ளே வயர் அறுந்துவிட்டால் வாசலில் யார் அழுத்தினாலும் வீட்டுக்குள் கேட்காது. வீட்டில் இருப்பவளோ, யாரும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். வண்டிதான் அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பதிமூன்று, பதினொன்றரை என்று. நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டார். வண்டி ஓட்டக் கூடாது என்றார். சரி என்றேன். அந்த அன்னக்கூடை கண் முன்னாலேயே இருந்தது.

திரும்பும்போது இவர், "செருப்பு போனப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

புண் ஆறிவிட்டது. வார் வைத்த செருப்பு, வீட்டுக்குள்ளேயும்.

வண்டி விற்கவில்லை. இவருக்குப் போன வாரம் லைசென்ஸ் வந்தது, அறுபத்தாறு வயதில். தீபாவளிக்கு வந்த தீபலட்சுமி, டிரைவிங் ஸ்கூல்காரரிடம் தன் அப்பா வாங்கிய திட்டுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போகும்போது என் பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் தடவினாள். அவள் கை சூடா குளிரா, தெரியவில்லை. சொல்லவும் இல்லை.

இன்று இவர் ஓட்ட, நான் இடப்பக்க இருக்கையில். மழை ஈரத்தில் பாலம் ஏறினோம். கருகல் வாடை இல்லை.

"கியரை மாத்துங்க, இன்ஜின் கத்துது."

"யாரு ஓட்டுறது, நீயா நானா?"

"நீங்கதான்."

பங்கில் வாய்வரை போட்டு, நான் வகுத்தேன். பதினேழு.

இதை எப்போதாவது யாராவது படித்தால், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள், ஒன்று செய்து பாருங்கள்: உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை உங்கள் கால்விரல்களில் ஒவ்வொன்றாக, விரல் நுனியால் லேசாகத் தொடச் சொல்லுங்கள்; தொட்டதும் எந்தக் கால் என்று நீங்கள் சொல்லுங்கள்; தொட்டதே தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.