தறிச் சத்தத்தில் ஒரு பக்கம்

திருத்தணி, 1946 ஆவணி 9, ஞாயிறு

நான் வீட்டில் இருக்கும்போதே நைனா இன்று தறி நெய்தார்.

அரக்கோணத்தில் ஃபுட்பால் ஆடும்போது எதிரணிப் பையன் தலையும் என் தலையும் மோதி ஆறு வாரமாகிறது. அன்றிலிருந்து தறிச் சத்தம் கேட்டாலே மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல இருக்கும். புத்தகத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். நான் உள்ளே நுழைந்தால் நைனா தறியை விட்டு எழுந்துவிடுவார். நெசவு பாதியில் நிற்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையில் சரித்திரப் புத்தகத்தோடு தறிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் எழப்போனார்.

"நீங்க நெய்யுங்க நைனா. நான் படிச்சிகினு இருக்கேன்."

"தலை நோவுமேடா."

"நோவட்டும், பாத்துக்கலாம்."

மெதுவாக நெய்தார். நான் உரக்கப் படித்தேன். பாதிப் பக்கத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. கண்ணை மூடி நூறு எண்ணிவிட்டு மறுபடி படித்தேன். பக்கம் முடிந்தேவிட்டது! ஒரு வரிகூட இரண்டாகத் தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு அத்தனையையும் ஒப்பித்தேன்.

"ஆங், அப்டிப் போடு!" என்றார் நைனா. அதற்கப்புறம் அவர் நெய்த வேகத்தில் வீடே அதிர்ந்தது. என்னவோ ஏதோ என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

சட்டென்று திரும்பினால் இன்னும் சுற்றுகிறது. பந்தைத் தலையால் இனி முட்ட முடியுமா... அதை இன்றைக்கு நினைக்கப்போவதில்லை.

நைனா இன்னும் நெய்துகொண்டிருக்கிறார். ஆறு வாரத்து வேலையை இன்றே முடித்துவிடுவார் போலிருக்கிறது. நான் தூங்கப்போகிறேன், இந்தச் சத்தத்திலேயே.