நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை

அன்புள்ள ஸாதனாம்மாவுக்கு,

மாமா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அத்தையும் நன்றாகவே இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள். போன வாரம் ஒரு நாள் நம் பிள்ளை சுதர்ஷனுடைய காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். உட்காரத் தெரிந்தது, எழுந்திருக்கத் தெரியவில்லை. அது கார் இல்லையம்மா, தரையில் விரித்த பாய். கொச்சங்காடியில் சாக்கு மூட்டை சுமந்து உரமேறிய உடம்பு என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருப்பேன். அந்த உடம்பு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு சேட்டன்மார் வந்து, ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்து, கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதுபோல் என்னை வெளியே எடுத்தார்கள். ஒருவர் இறக்குகூலி கேட்டார். சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். தெருவே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் நம்மை விட்டுப் போய், வருகிற மார்கழியோடு இரண்டு வருஷம். போன வருஷம் வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்தினம் அத்தை தானாகவே வந்து, காரைத் துடைத்துவையுங்கள், அவன் செய்வதுபோலவே செய்துவிடலாம் என்றாள். அந்தக் காரை அவள் எப்படி ஏசுவாள் என்று உனக்குத் தெரியும். ரெண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியை எவனாவது வாங்குவானா, பெத்தவர்களை எங்கே உட்காரவைப்பான், மேலேயா என்பாள். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கடைசி நாள் காலையிலும் ஏசினாள். அந்தத் தகரத்தை வித்துட்டு வா, இல்லைன்னா எம் மூஞ்சில முழிக்காத என்றாள். அவன் சிரித்துக்கொண்டேதான் போனான்.

அன்று மதியம் நீ ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்தாய். அவன் போய்விட்டான் என்று எனக்குப் போன் வந்துவிட்டது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெலிங்டன் தீவில் அவனோடு வேலை பார்த்த ஹரிநாராயணன், எங்களை அழைத்துப் போவதற்காக, ரெண்டு சீட் என்பதையும் மறந்து, அவசரத்தில் அங்கே நின்ற சுதர்ஷன் காரையே எடுத்துக்கொண்டு வந்தான். சத்தம் தெருமுனையில் கேட்டதும் அத்தை உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். சண்டை போட்டாலும் பசிக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டே போட்டாள். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஓடவில்லை. சாவி பூஜை அலமாரியில் அவன் படத்துக்கு முன்னால் இருக்கிறது.

பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அத்தை சூடம் காட்டினாள். நான் சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது என்று எனக்கே விளங்கியது. ஹரி புதுப் பேட்டரி கொண்டுவந்து மாட்டினான். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பழைய பெட்ரோல் கெட்டுப் போயிருக்கும் என்று இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினோம். பிளக் மாற்றினோம். டாங்க் பக்கம் காதை வைத்துப் பம்ப் ஓடுகிறதா பாருங்கள் அங்கிள் என்றான். எனக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. ஓடுகிறது என்று சொல்லிவைத்தேன். பிறகு இந்த உப்புக்காற்றில் எர்த் வயர் அரித்திருக்கும் என்று அதையும் சுரண்டி மாட்டினான். ஒவ்வொரு தடவையும் அத்தை ஈரக் கையோடு வாசலில் வந்து நிற்பாள். செல்ஃப் சுற்றும், சுற்றும், பிடிக்காது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ என்னிடம் வந்து சொன்னாள்: “நான் சொன்னத மனசுல வச்சிருக்கான். எம் மூஞ்சில முழிக்கமாட்டேங்கான்.”

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. எலுமிச்சம்பழங்களை எடுக்கவும் விடுவதில்லை. ஒன்றை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது, அந்த இடத்தில் புதிது வைத்தாள். மற்றதெல்லாம் சுருங்கிக் கறுத்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது. சாவியை அத்தை வேறு யார் கையிலும் தரமாட்டாள். என்னிடம் தருவாள், வேலை முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுவாள். அதனால் நான் உள்ளே உட்கார்ந்து திருப்ப, ஹரி பானெட்டைத் திறந்துகொண்டு முன்னால்தான் நிற்பான். அதுவரை தினமும் எப்படியோ புரண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். என்னை வெளியே இழுத்த கூத்துக்குப் பிறகு, அத்தையிடம் கெஞ்சிச் சாவியை அவன் கையில் வாங்கிக் கொடுத்தேன். அவன் உட்கார்ந்து திருப்பினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்தான். நானும் தினமும் பார்த்ததுதான், ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பிறகு சாவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அங்கிள், இதோட கறுப்புத் தலை எங்கே?” என்றான்.

வெள்ளிக்கிழமை தோறும் அத்தை பூஜை விளக்குகளைப் புளி போட்டு விளக்குவாள் அல்லவா? அலமாரியில் இருப்பதெல்லாம் அவளுக்குச் சாமி சாமான்தான். சாவியையும் சேர்த்தே விளக்கியிருக்கிறாள், ஒரு வெள்ளி விடாமல். சித்திரை மாதம் போல அந்தப் பிளாஸ்டிக் தலை இரண்டாகக் கழன்று வந்துவிட்டது. புளிச் சக்கையோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் இரும்பைத் தங்கம் மாதிரி தேய்த்து என்னிடம் காட்டினாள். இப்பத்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று நானும் சர்டிபிகேட் கொடுத்தேன். நான் படித்த எட்டாங்கிளாஸில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை. அந்தத் தலைக்குள் உளுந்து அளவு ஒரு சில்லு இருக்குமாம். அதைக் கார் அடையாளம் கண்டால்தான் பெட்ரோலைத் திறந்துவிடுமாம். இல்லையென்றால் யாரோ திருடன் என்று நினைத்துக்கொள்ளுமாம்.

ஹரி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை சாயாவோடு வந்துவிட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். என்ன ஆச்சு என்று கேட்டாள். பழைய வண்டியல்லவா, ஒரு சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை, நீ வெளியூரில்தானே இருக்கிறாய்.

இன்னொரு சாவி உன்னிடம் இருக்கிறது. உன் வீட்டுச் சாவிக்கொத்திலேயே அதைப் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், வீடியோ காலில் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அது நல்லபடியாக இருந்தால் எர்ணாகுளத்தில் மெஷின் வைத்து அதேபோல ஒரு சில்லு செய்துவிடுவார்களாம். புதுச் சில்லை ஸ்டியரிங்குக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டால், அத்தை விளக்கிய அதே சாவியிலேயே வண்டி கிளம்பும். அவளுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். ஏசினதை நினைத்து அழுகிறவள், தன் கையாலேயே அந்தச் சத்தத்தைக் கழுவிவிட்டேன் என்று தெரிந்தால் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேலை முடிந்ததும் உன் சாவியை உனக்கே திருப்பி அனுப்பிவிடுவேன், இது சத்தியம்.

கார் பிடித்தால், சத்தம் கேட்டு அவள் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாளோ என்று ஒரு பயமும் இருக்கிறது. போட்டால் போடட்டும். அந்தத் தோசையை நான் தின்றுகொள்கிறேன்.

இன்னொரு விஷயம். உன் அப்பா திருப்பூரிலிருந்து போன் பேசினார். உனக்கு மறுபடியும் ஒரு இடம் பார்த்திருப்பதாகவும், எங்களை நினைத்து நீ பதில் சொல்லாமல் இருப்பதாகவும் சொன்னார். எங்களை நினைத்து நீ நிற்கக்கூடாது அம்மா. அத்தையும் அதையேதான் சொல்கிறாள். நாலு பேர் உட்காரும் கார் வைத்திருக்கிற மாப்பிள்ளையா என்று கேட்கச் சொன்னாள். நீ மஞ்சள் குங்குமத்தோடு, வீடு நிறையப் பிள்ளைகளோடு நூறு வயசு இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சி உன் கையில் தருவார். அவர் தம்பி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், சாவியைப் பஞ்சில் சுற்றி அவரிடம் கொடுத்துவிடு. போனில் இதைப்பற்றிப் பேசவேண்டாம், ஸ்பீக்கரில் அத்தை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைப்பதற்கு முன்னால், மாமா வேறு ஏதாவது வேணுமா என்று கேட்டாய். ஒன்றும் வேண்டாம், நேரத்துக்குத் தூங்கு என்றேன். யாரிடமும் கொடுத்துவிடாமல் அந்தச் சாவியை நீயே எடுத்துக்கொண்டு வந்து, ஒரே ஒரு தடவை, அத்தை வாசலில் நிற்கும்போது வண்டியை எடுத்து அந்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுப் போம்மா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்கவில்லை.

உன் மாமா,
இசக்கிதுரை