ஆல்மா டான்டி பதில் சொல்லாமல் போன பக்கம்

லாம்பெர்ட் பே, டொபாகோ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மார்வா அக்காவுக்கு,

போன சனிக்கிழமை காலையில் ஊருக்கே அத்தையான ஆல்மா டான்டி மீன் கூடையோடு நம் வீட்டைத் தாண்டிப் போனாள், எப்போதும் கத்துகிற மாதிரி வேலிப் பக்கம் திரும்பிக் கேலியாக ஒரு வார்த்தை கத்தவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இப்படித் தொடங்கியதும் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, முதல்ல அவ உடம்பு எப்படி இருக்குன்னு கேளுடி, ஊர்க்கதை அப்புறம் என்கிறாள். அதனால் கேட்கிறேன். நீ சுகமா, இருமல் நின்றதா, ஆஸ்பத்திரியில் இரவு வேலை குறைந்ததா? இங்கே கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். வஞ்சிரம் வெட்டும்போது அம்மாவுக்கு வலது உள்ளங்கை கிழிந்துவிட்டது, பயப்படாதே, ஆறிக்கொண்டு வருகிறது. பேனா பிடிக்க முடியாததால் இந்தத் தடவை அவள் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் சொல்லாததும் நடுவில் வரும், நீயே பிரித்துப் படித்துக்கொள்.

உன் நாவலின் பக்கங்கள் நனையாமல் வந்து சேர்ந்தன. அதில் வருகிறவர்கள் இங்கே பேசுகிற மாதிரியே பேசட்டுமா, இல்லை லண்டன்காரர்களுக்கு ஏற்றபடி சீவிவிடட்டுமா என்று பதிப்பகத்து அம்மாள் கேட்பதாகவும், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவால் நம்பவே முடியவில்லை. நாம பேசுறதை எல்லாம் அச்சுல போடுவாங்களா, இப்படிப் பேசினதுக்குத்தானே பள்ளிக்கூடத்துல எங்க முட்டியில அடிச்சாங்க என்றாள். முதலில் நான் மட்டும் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இத்தனை நீளமாக எதையும் படித்ததில்லை. கடற்கரையில் எல்லார் முன்னாலும் படகுக்கார ரூபர்ட் மீன்காரி ஆலிவைப் பார்த்து, உன் கூடையில இருக்கிற மீனைவிட உன் மூஞ்சிதான் நாலு நாள் பழசு என்கிறான், அவள் ஒன்றும் பேசாமல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறாள். அங்கே நான் அழுதேன் அக்கா. நாவலிலேயே அதுதான் சிறந்த இடம் என்று பதிப்பகத்து அம்மாளும் சொன்னதாக எழுதியிருந்தாயே, சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோரிஸ் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டு என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். நான் எப்படிப் படித்திருப்பேன் என்று உனக்குத் தெரியும், காகிதத்துக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டுதான். இருந்தாலும் ஒரு பக்கம் முடிவதற்குள் கடையே குதித்தது. டேய் இது நம்ம பேச்சுடா, அப்படியே இருக்குடா என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நோரிஸ் ரம் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆல்மா டான்டி மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். ஆலிவ் யார் என்று யாரும் கேட்கவில்லை, தலைத்துணிக்கு அடியில் ஈரப்பலா இலை வைத்துக் கட்டுகிறவள் இந்தக் குடாவில் வேறு யார்? அவளுக்கும் பெருமைதான். லண்டன்காரங்க என்னைப் படிக்கப் போறாங்க, எல்லாரும் கொஞ்சம் மரியாதையா தள்ளி உக்காருங்கடா என்று அட்டையால் விசிறிக்கொண்டாள். ரூபர்ட் சொன்னது வந்ததும் கடை அதிர்ந்தது. டான்டி அட்டையைக் கீழே வைத்தாள், வாயைத் துடைத்தாள், முன்னால் சாய்ந்து, ம், படி, அதுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். நான் அடுத்த வரியைப் படித்தேன். கூடை, மலைப்பாதை, கடல் காற்று. யாரும் சிரிக்கவில்லை. மூலையிலிருந்து ஒருவர் அவ்வளவுதானா என்றார். நோரிஸ் என் கையிலிருந்து தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். டான்டி கிளாஸில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள்தான் அவள் கத்தாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இந்த அறுவடைத் திருநாளுக்கு என் சமையல் என் வீட்டில் என்று போதகர் மனைவியிடம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். நாம் பிறக்கும் முன்பிருந்தே அம்மாவும் அவளும் அன்றைக்கு நம் வீட்டு ஒரே அடுப்பில்தானே சமைக்கிறார்கள், ஊரும் ஒரே வாசல் வழியாகத்தானே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அம்மா அன்று கழுவின தரையையே திரும்பவும் கழுவினாள். சாயங்காலம் தாங்க முடியாமல் டான்டி வீட்டு வாசலுக்கே போனாள், நானும் பின்னால் போனேன். டான்டி உள்ளே கூப்பிடவில்லை. பேரை மாத்தினதுக்கு எனக்குக் கோபமில்ல, கிழவின்னு எழுதினதுக்கும் கோபமில்ல, நான் செத்தா போயிட்டேன் யூலலி, வாய் இருக்கிற பொம்பளை அந்தப் பேச்சைக் கேட்டுட்டு மலையேறிப் போவாளா, நம்ம பேச்சையெல்லாம் உன் பொண்ணு நல்லாத்தான் புடிச்சிருக்கா, என் முறை வந்தப்போ வாயைத் தைச்சுட்டா என்றாள்.  திரும்பி வரும் வழியில் அம்மா, கேலியை எறியறவன் ஒருத்தன்னா திருப்பி எறியறவ ஒருத்தி இருக்கணும், இல்லேன்னா அது கேலி இல்ல, அடி என்று மட்டும் சொன்னாள்.

இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் அக்கா. கொல்லையில் தனியாகப் படித்தபோது அந்த மௌனம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கடையில் படித்தபோது யாரையோ கண் முன்னால் அறைந்துவிட்ட மாதிரி இருந்தது. தாள் அதே தாள்தான். அங்கே லண்டனில் எல்லாரும் தனித்தனியாகத்தான் படிப்பார்களா? பதிப்பகத்து அம்மாளுக்குப் பிடித்ததும் அதனால்தானா? ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட யாரும் உரக்கப் படித்துக் காட்ட மாட்டார்களா? எழுது.

நேற்று மத்தியானம் அம்மாவிடம் சொல்லாமல் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு டான்டி வீட்டுக்குப் போனேன். வாசலில் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். ரூபர்ட்டுக்கு நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள், எழுதி அக்காவுக்கு அனுப்புகிறேன் என்று கேட்டேன். மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது, என் குரல் அவ்வளவுதான். அவள் துருவுவதை நிறுத்தவில்லை. காகிதத்துல இருக்கிறவனுக்கு நான் ஏண்டி பதில் சொல்லணும், எதிர்ல ஆள் இல்லாம காத்தைப் பார்த்துக் கத்த எனக்கென்ன பைத்தியமா, வேணும்னா அவன் சொன்னதை நீ சொல்லு, ரோட்டுல நின்னு சொல்லு, அப்ப பதில் வருதான்னு பாக்குறேன் என்றாள்.  போய்விடலாம் என்றுதான் படியிறங்கினேன். ரோட்டில் கால் வைத்ததும் எப்படியோ திரும்பிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆல்மா டான்டி, உங்க கூடையில இருக்கிற மீனைவிட உங்க மூஞ்சிதான் நாலு நாள் பழசு என்று கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலும் திறந்தது. டான்டி மெதுவாக எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடியே ஜெர்லின், மீனு பழசானா மோந்து பார்த்தாவது தெரிஞ்சுக்கலாம், நீ பொறந்ததுலேர்ந்து வாயே திறக்கல, உள்ள என்ன அழுகிக் கெடக்குன்னு எவளுக்குத் தெரியும் என்றாள். தெருவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, இடுப்பில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் புரிந்தது, என் முறைக்காகக் காத்திருக்கிறாள். அழுகியிருந்தா இந்நேரம் நீங்க வாங்கி வித்திருப்பீங்களே டான்டி என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. டான்டி தூணைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு, நண்டு வேகிற பெரிய பானை என்கிட்டதான் கெடக்கு, எனக்கு இடுப்பு வலி, நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போங்க, சமையல் உங்க வீட்டுலதான் என்றாள்.

அம்மா சொல்லச் சொன்னது: பேச்சு இருக்கிறபடியே இருக்கட்டும், ஒரு மயிரும் சீவ வேண்டாம். ஆலிவ் மௌனமாகப் போவதா, பதில் சொல்வதா என்பது அங்கே இருக்கிற உனக்குத்தான் தெரியும், அதில் அவள் தலையிட மாட்டாள். பதில் சொல்ல வைத்தால் ரூபர்ட்டுக்கும் திரும்ப ஒரு முறை விடு, அவனும் மனுசன்தானே என்கிறாள். டான்டி சொன்னது எனக்குச் சொன்னது, அதை ரூபர்ட்டுக்குப் பொருத்துவது உன் பாடு. குளிரில் நெஞ்சைத் திறந்துபோட்டு நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாதக் கடைசியை மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைக்கு நல்ல வேலை தரட்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறாள். கீழே இடது கையால் கோணலாகப் போட்டிருப்பது அவள் கையெழுத்துதான். நான் பானையைத் தூக்கி வரப் போகிறேன்.

உன் அம்மா யூலலி,
எழுதியவள் ஜெர்லின்